தாளில் உள்ள நீலம்

கைபாரியென்,
8 மார்ச் 1998

என் இதால்மிஸ்,

நலமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும். அக்கா வீட்டில் இருப்பவளுக்கு என்ன குறை, நலமாகத்தான் இருப்பாய். நானும் நலம். நலமில்லாதது நம் மொஸ்க்விச் கார்தான்.

இந்தக் குளிர்காலம் முழுக்க வடக்குக் காற்று கடலை அள்ளிக்கொண்டு வந்து நம் தெருவில் கொட்டியது. நேற்று காரைக் கழுவலாம் என்று வாளியும் துணியுமாக உட்கார்ந்தேன். உன் பக்கத்துக் கதவின் அடியில் விரலை வைத்து அழுத்தினால் விரல் உள்ளே போய்விட்டது. பெயிண்ட் செதில் செதிலாக உரிகிறது. இப்படியே விட்டால் நீ நவம்பரில் வந்து இறங்கும்போது உன்னை அழைத்துவர ஒரு சல்லடைதான் இருக்கும்.

பட்டறைக்காரனிடம் கேட்டேன். அவன் சொன்ன தொகையை எழுதினால் இந்தத் தாளே வெட்கப்படும். அதனால் நானே அடிக்கப் போகிறேன். சிரிக்காதே. பிறக்கும்போதே எவனும் தூரிகையோடு பிறக்கவில்லை.

இதைக் கேட்டதும் பக்கத்து வீட்டு சொய்லா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். “ஏம்ப்பா ஆர்ஹேலியோ, பொண்டாட்டி இருந்தப்ப செவுத்துக்குச் சுண்ணாம்பு அடிடான்னா இடுப்பு வலிம்ப. இப்ப காருக்குப் பவுடர் பூசக் கெளம்பிட்டியாக்கும்?” என்றாள். நான் கழுவிக்கொண்டே இருந்தேன்.

இன்று பெண்கள் தினம். உன் மருத்துவமனையில் எல்லா நர்சுகளுக்கும் ஒரு பூவும் ஒரு பேச்சும் கொடுத்தார்கள். உன் பங்குப் பூவை என்னிடம் தந்தார்கள். தண்ணீரில் வைத்திருக்கிறேன்.

கிடங்கில் வேலை முடிந்து மூன்று மணிக்கு வந்தால் வீடு ரொம்பப் பெரிதாக இருக்கிறது. வானொலியைப் போட்டுவிட்டு முற்றத்தில் வேலை பார்க்கிறேன். உள்ளே யாரோ பேசுவதுபோல் இருக்கட்டுமே என்றுதான். எனெய்தா அக்காவின் இடுப்பு எலும்பு எப்படி இருக்கிறது? நடக்கிறாளா?

உன்,
ஆர்ஹேலியோ

—

டாம்பா,
2 ஏப்ரல் 1998

அன்புள்ள ஆர்ஹேலியோ,

உன் கடிதத்தில் காரைப் பற்றி ஒரு பக்கம், உன்னைப் பற்றி இரண்டு வரி. சாப்பிடுகிறாயா இல்லையா என்று ஒரு வார்த்தை இல்லை. அவரையை ஊற வைத்துவிட்டு மறந்துபோவாய், எனக்குத் தெரியாதா? தூங்கப் போகும் முன் ஊற வை, காலையில் அடுப்பில் ஏற்று. இத்தனை வருஷம் இதைச் சொல்லியே என் வாய் தேய்ந்தது.

எனெய்தா தேறிவிட்டாள். கைத்தடி இல்லாமலே கடை வரைக்கும் போய் வருகிறாள். நீ காருக்குப் பெயிண்ட் அடிப்பதைச் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “இங்கல்லாம் கார கடையில விட்டுட்டுப் பேசாம வந்துடுவாங்கடி. ஒம் புருஷன் ஒருத்தன்தான் காருக்கு நர்ஸ் வேல பாக்கறான்” என்றாள். நீ நர்ஸ் வேலையில் என்னைவிடப் பொறுமைசாலி என்று விட்டுக்கொடுக்காமல்தான் பேசினேன்.

அடுத்த தெருவில் படுக்கையில் கிடக்கும் ஒரு அம்மாவைப் பார்த்துக்கொள்ள என்னைக் கூப்பிட்டார்கள். ஒரு வாரத்துக்கு என்றுதான் போனேன். அந்த அம்மாவுக்கு என் கை பழகிவிட்டது, வேறு யாரையும் ஊசி போட விடமாட்டேன் என்கிறாள்.

இன்னொரு செய்தி. அக்கா வீட்டுக்காரர் வில்ஃப்ரேதோ எனக்குக் கார் ஓட்டக் கற்றுத் தருகிறார். நம்புவாயா? நம் காருக்குப் பன்னிரண்டு வருஷமாக நான்தான் சொந்தக்காரி, ஒரு நாள்கூட ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. இங்கே கார் இல்லாமல் ஒரு ரொட்டிகூட வாங்க முடியாது. அதற்காகத்தான்.

நம் பக்கத்தூர் ரெமேதியோஸ்காரப் பெண் ஒருத்தி ஊருக்கு வருகிறாள். அவள் பையில் உப்புத்தாளும் ஒட்டுநாடாவும் உள்ளாடைக்கு நடுவே வைத்து அனுப்பியிருக்கிறேன். கேலி செய்யாமல் வாங்கிக்கொள்.

அன்புடன்,
இதால்மிஸ்

—

கைபாரியென்,
11 மே 1998

என் இதால்மிஸ்,

உப்புத்தாள் வந்தது. இங்கே ஒரு துண்டை மூன்று பேர் பங்குபோட்டுத் தேய்ப்போம், நான் இப்போது ராஜாபோல எல்லார் முன்னாலும் கிழித்துப் போடுகிறேன். அவரையும் ஊறுகிறது, கவலைப்படாதே.

வேலை நன்றாகப் போகிறது. துருவைச் சுரண்டி எடுத்தாயிற்று. ஓட்டைகளை அடைக்க நொல்பெர்த்தோ ஒரு வழி சொல்லிக் கொடுத்தான். படகுத் துறையில் பெயிண்ட் அடிக்கிறானே, அவன்தான். ஃபோம் பெட்டியை உடைத்துப் பெட்ரோலில் போட்டால் பசையாகக் கரைகிறது. அதைக் கெட்டியாக்க ஏதாவது பொடி வேண்டும். நீ விட்டுப்போன முகப் பவுடரில் பாதி டப்பாவைக் கொட்டிவிட்டேன். சொய்லா சொன்னது பலித்துவிட்டது, காருக்குப் பவுடர்தான் பூசியிருக்கிறேன். முற்றத்தில் பெட்ரோல் வாசமும் உன் வாசமும் சேர்ந்து அடித்தது. அன்று வேலையைச் சீக்கிரமே நிறுத்திவிட்டேன்.

அடுத்ததைக் கேட்டுக் கத்தாதே. ஃப்ரிட்ஜின் மோட்டாரைக் கழற்றிவிட்டேன். பெயிண்டைத் தூவக் காற்று வேண்டும், காற்றுக்கு அந்த மோட்டார்தான் வழி, ஊரில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். வேலை முடிந்ததும் திரும்ப மாட்டிவிடலாம். அதுவரை மீனை வாங்கிய அன்றே தின்றுவிடுகிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீலப் பெயிண்ட் எங்கேயும் இல்லை. நொல்பெர்த்தோவிடம் பச்சை இருக்கிறது, படகுக்கு அடிக்கும் பச்சை, உப்புக்குப் பயப்படாத சரக்கு. “மச்சான், நீலம் நீலம்னு அலையாத. இத அடிச்சா உன் பேரன் காலத்துக்கும் நிக்கும்” என்கிறான். பேரன் எங்கே இருக்கிறான் என்று நான் கேட்கவில்லை.

ஆனால் காரின் தாளில் நிறம் நீலம் என்று எழுதியிருக்கிறதே. அதனால் வண்டிப் பதிவு அலுவலகத்துக்குப் போனேன். அங்கே ஒரு சின்னப் பெண்.

“கார் யார் பேர்ல இருக்கு?”

“என் மனைவி பேர்ல. அவ வேலை செய்யற எடத்துல கூட்டம் போட்டு, எல்லாரும் கை தூக்கி அவளுக்குன்னு ஒதுக்கிக் கொடுத்தது.”

“அவங்க எங்க?”

“டாம்பாவுல. அக்காவப் பாக்கப் போயிருக்கா.”

“அப்ப வந்ததும் கூட்டிட்டு வாங்க. நெறத்த மாத்தணும்னா சொந்தக்காரங்க நேர்ல வந்து கையெழுத்துப் போடணும். தாள்ல நீலம், ரோட்டுல பச்சைன்னு போனா வண்டியப் புடிச்சுடுவாங்க.” இதோடு விட்டிருக்கலாம். தாளைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே, “வருவாங்கல்ல?” என்று கேட்டாள்.

வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வருவாள் என்றேன்.

உனக்குத் தெரியாததில்லை. உன் பயண அனுமதி நவம்பர் வரைதான். அதைத் தாண்டி வராதவர்களின் பொருளை எழுதி எடுத்துப் போக அரசாங்க ஆள் வரும். வீடு என் பெயரில் இருக்கிறது, கார் உன் பெயரில். ஊரில் எத்தனை வீட்டில் பார்த்தாயிற்று. அது அவர்கள் கதை, நம் கதை இல்லை.

ஆகவே கேட்கிறேன். பச்சையை வாங்கட்டுமா? நீ வந்து ஒரு கையெழுத்துப் போட்டால் எல்லாம் முடிந்தது. பதிலுக்கு ஒரு வார்த்தை போதும்.

உன்,
ஆர்ஹேலியோ

—

டாம்பா,
14 ஜூன் 1998

அன்புள்ள ஆர்ஹேலியோ,

ஃப்ரிட்ஜ் மோட்டாரைக் கழற்றிய மனிதனை என்ன செய்வது என்று நானும் எனெய்தாவும் ஒரு மாலை முழுக்கப் பேசினோம். தண்டனை இன்னும் முடிவாகவில்லை. அந்தப் பவுடர் நான் ஆசையாக வைத்திருந்தது, அதற்குத் தனித் தண்டனை. மீனைத் தினமும் வாங்காதே, உனக்கு ஒத்துக்கொள்ளாது. சொய்லாவிடம் கேட்டால் அவள் ஃப்ரிட்ஜில் ஒரு மூலை தருவாள். கேட்க உனக்கு வாய் வராது, நானே அவளுக்கு ஒரு வரி எழுதிப் போடுகிறேன்.

பார்த்துக்கொள்ளும் அம்மாவுக்கு நம் ஊர் கறுப்பு அவரைச் சோறு பிடித்துப்போய்விட்டது. வாரம் இரண்டு தடவை செய்யச் சொல்கிறாள். அவள் மகன் எனக்கு மாடியில் ஒரு அறை ஒதுக்கிக் கொடுத்திருக்கிறான், இரவில் கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில். எனெய்தா வீட்டிலும் இடம் நெருக்கடிதானே, அதனால் சரி என்றேன். புது விலாசம் கவரின் பின்னால் இருக்கிறது.

லைசென்ஸ் கிடைத்துவிட்டது. பரீட்சை வைத்தவர் என் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டே உட்கார்ந்திருந்தார் என்று வில்ஃப்ரேதோ ஊரெல்லாம் சொல்கிறார். பொய். ஒரு முறைதான் மூடினார்.

இங்கே மழைக்காலம் தொடங்கிவிட்டது. மதியம் ஆனால் கொட்டுகிறது. ஜன்னலருகே நின்றால் உன் நினைவுதான் வருகிறது.

பெயிண்ட் விஷயத்தை யோசித்து எழுதுகிறேன். அவசரப்படாதே.

அன்புடன்,
இதால்மிஸ்

—

கைபாரியென்,
13 ஜூலை 1998

என் இதால்மிஸ்,

அவசரப்பட்டுவிட்டேன்.

குற்றம் என்னுடையது மட்டுமில்லை. நொல்பெர்த்தோவிடம் இறால் படகுக்காரன் ஒருவன் அதே பச்சையைக் கேட்டு நின்றான். நீ யோசித்து முடிப்பதற்குள் நம் பச்சை கடலுக்குப் போயிருக்கும். வேண்டாம் என்று நீ எழுதவில்லை. வேண்டாம் என்றால் உடனே சொல்லிவிடுகிறவள் நீ. அதனால் சரி என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அடித்தோம். தூசி எழாமல் இருக்க முற்றம் முழுக்கத் தண்ணீர் தெளித்தேன். ஈரப் பெயிண்டில் கொசு ஒட்டக்கூடாது என்று நம் கொசுவலையைக் காரைச் சுற்றித் தொங்கவிட்டேன். உள்ளே நான், நொல்பெர்த்தோ, மொஸ்க்விச். மணப்பெண்ணுக்கு அலங்காரம் நடப்பதுபோலத் தெருவே வலைக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்தது.

கூரை முடிந்து, வலப்பக்கம் முடிந்து, பின்பக்கம் பாதியில் இருக்கும்போது மின்சாரம் போய்விட்டது. மோட்டார் பெருமூச்சு விட்டு நின்றது. “மச்சான், கைய வச்சுடாத. கைய வச்சா கத முடிஞ்சுது” என்று நொல்பெர்த்தோ கத்திக்கொண்டே இருந்தான். பாதி பச்சை, பாதி அடிப்பூச்சின் சாம்பல். கூட்டத்தில் ஒருத்தர்கூடக் கலைந்து போகவில்லை. மூன்று மணிநேரம் உட்கார்ந்து டாமினோ ஆடினார்கள், அவரவர் வீட்டிலிருந்து ஏதாவது கொண்டுவந்து தின்றார்கள். மின்சாரம் வந்ததும் கைதட்டினார்கள். எனக்கா, மின்சாரத்துக்கா என்று தெரியவில்லை.

இதால்மிஸ், அழகாக இருக்கிறது. கதவருகில் கொஞ்சம் வழிந்திருக்கிறது, ஒரு கொசு எப்படியோ வலைக்குள் வந்து முன்பக்கத்தில் செத்திருக்கிறது. அதைவிட்டால் குறை சொல்ல முடியாது. சொய்லா காபி கொண்டுவந்தாள், சுற்றி வந்து பார்த்தாள். “நல்லாத்தான் இருக்கு. போலீஸ்காரனுக்கும் நல்லாத்தான் தெரியும்” என்றாள்.

அவள் சொன்னது சரிதான். நீ வந்து கையெழுத்துப் போடும்வரை தெருவில் எடுக்க முடியாது. பரவாயில்லை. சாயங்காலம் முற்றத்திலேயே காருக்குள் உட்கார்ந்துகொள்கிறேன். வீட்டுக்குள் இரண்டு ஆடுநாற்காலி இருக்கிறது, ஒன்றில் உட்கார்ந்தால் மற்றது என்னைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. காரில் அந்தத் தொந்தரவு இல்லை, எல்லா இருக்கையும் முன்னால்தான் பார்க்கின்றன.

தனியாக இருப்பது எனக்கு ஒத்துவரவில்லை. இந்த வயதில் இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. கிடங்கில் யாராவது வீட்டுக்குக் கிளம்பினால், வழியில் என்னோடு வாயேன் என்று கூப்பிடமாட்டார்களா என்று பார்த்துக்கொண்டு நிற்கிறேன். வந்துவிடு. நவம்பர் வரை இருந்தே ஆகவேண்டும் என்று சட்டமில்லை. அக்காதான் நடக்கிறாளே.

உன்,
ஆர்ஹேலியோ

—

டாம்பா,
9 ஜூலை 1998

அன்புள்ள ஆர்ஹேலியோ,

உன் மே மாதக் கடிதத்தை எடுத்து எடுத்துப் படித்தேன். நீ கேட்டதற்குப் பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்கு மன்னித்துக்கொள். தபாலில் போட்டால் உனக்குக் கிறிஸ்துமஸுக்குத்தான் வரும், ரெமேதியோஸ்காரப் பெண் மறுபடியும் வருகிறாள், அவளிடமே கொடுக்கிறேன்.

அவள் பையில் உனக்கு ஒரு பொட்டலம் இருக்கிறது. வைட்டமின் மாத்திரை, ஒரு மாதத்துக்கு ஒரு டப்பா, ஆறு டப்பா வைத்திருக்கிறேன். காலுறை நான்கு ஜோடி. படிக்கும் கண்ணாடி ஒன்று, எண் சரியாக இருக்கும் என்று நினைக்கிறேன், நீ தாளைக் கையை நீட்டிப் பிடித்துப் படிப்பதை வைத்துக் கணக்குப் போட்டேன். ரத்த அழுத்தத்தை மாதம் ஒருமுறை பார்த்துக்கொள். என் இடத்தில் இருக்கும் நர்ஸிடம் வெட்கப்படாமல் போய்க் கையை நீட்டு. அவள் நல்ல பெண், நான்தான் பழக்கினேன்.

நான் பார்த்துக்கொள்ளும் அம்மாவுக்கு உடம்பு முன்னைக்கு இப்போது தேவலை. எனெய்தா உன்னை விசாரித்தாள்.

கார் விஷயம் கேட்டிருந்தாய். நீலமே அடி, ஆர்ஹேலியோ. கிடைக்கும்வரை பொறுத்திருந்து அடி. தாளில் உள்ளபடியே இருக்கட்டும். நாளைக்கு உன்னை யாரும் ஒரு கேள்வி கேட்கக்கூடாது.

நிறத்துக்காக என்மேல் கோபித்துக்கொள்ளாதே.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். சொய்லாவோடு சண்டை போடாதே. அவள் வாய்தான் அப்படி.

இதால்மிஸ்

—

கைபாரியென்,
20 செப்டம்பர் 1998

இதால்மிஸ்,

உன் கடிதம் என் கடிதத்தை வழியில் தாண்டி வந்து சேர்ந்தது. பச்சை அடித்த செய்தி உன் கைக்கு வரும் முன்பே நீ நீலம் என்று எழுதிவிட்டாய். அதற்குப் பிறகு உன்னிடமிருந்து வந்தது ஒன்றுமில்லை. எனக்கும் எழுதக் கை வரவில்லை.

புதுக் கண்ணாடி போட்டுப் படித்தேன். எண் சரியாக இருக்கிறது. எழுத்தெல்லாம் தெளிவாகத் தெரிந்தது.

கோபமாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். வரமாட்டேன் என்று நேராக எழுதியிருந்தால் கத்தியிருப்பேன், கடிதத்தைக் கிழித்திருப்பேன், பிறகு சரியாகியிருக்கும். நீயோ காலுறை வைத்திருக்கிறாய், மாத்திரை வைத்திருக்கிறாய், ஆறு மாதத்துக்கு எண்ணி வைத்திருக்கிறாய். நர்ஸ் நோயாளியிடம் பேசுவதுபோலப் பேசிவிட்டாய். அந்தப் பேச்சைக் கேட்டுக் கோபப்பட்டவன் யாராவது இருக்கிறானா? எனக்கும் முடியவில்லை. இரண்டு வாரம் காரைத் தொடாமல் கிடங்குக்குப் போய் வந்தேன், அவ்வளவுதான்.

பிறகு வேலையைத் தொடங்கினேன். பச்சையைத் தேய்க்கும்போது சொய்லா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, “நல்லாத்தானேப்பா இருந்துச்சு. ஏனாம், அவளுக்குப் பச்ச புடிக்கலையாமா?” என்றாள்.

“நீலம்தான் வேணுங்கறா” என்றேன்.

உனக்கு அவளைத் தெரியும், ஒரு வார்த்தைக்கு ஒன்பது வார்த்தை பேசுகிறவள். அன்று நேராக உள்ளே போய்விட்டாள். சாயங்காலம் மரவள்ளிக்கிழங்கும் பன்றிக்கறியும் ஒரு தட்டில் மூடி, வேலி மேலே வைத்துவிட்டுக் கூப்பிடாமலே போயிருந்தாள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அதுவரை வரவில்லை.

நீலம் கிடைத்தது. ரெமேதியோஸில் ஒருவன் தன் காருக்கென்று பதுக்கி வைத்திருந்தான். அவன் வீட்டு ஃப்ரிட்ஜ் நின்றுபோயிருந்தது, நம் மோட்டாரைக் கொடுத்து வாங்கிக்கொண்டேன். ஒரு ஆளின் சாப்பாட்டுக்கு ஃப்ரிட்ஜ் எதற்கு? மோட்டார் போனதால் தூவ முடியவில்லை, தூரிகையால்தான் அடித்தேன். நொல்பெர்த்தோ வருகிறேன் என்றான், நான்தான் வேண்டாம் என்றேன். வலை கட்டவில்லை. யாரும் வேடிக்கை பார்க்க வரவில்லை. கிட்டத்தில் போய்ப் பார்த்தால் தூரிகை போன தடமெல்லாம் தெரியும். தூரத்தில் நின்று பார்த்தால் நல்ல நீலம்.

லைசென்ஸ் வாங்கியதற்கு அப்போதே வாழ்த்துச் சொல்லியிருக்க வேண்டும், விட்டுப்போயிற்று. மழையில் மெதுவாக ஓட்டு. உன்மேல் இப்போது எனக்கு வருத்தம்தான் இருக்கிறது, கோபம் இல்லை. அங்கே உனக்கு ஒரு அறை இருக்கிறது, உன் கையை நம்பும் ஒரு நோயாளி இருக்கிறாள். இங்கே உனக்கு இருந்ததை நானும் எண்ணிப் பார்த்தேன். எழுதும்படி அதிகம் இல்லை. இருந்தாலும் நீ வருவாய் என்றுதான் நினைத்திருந்தேன்.

நவம்பரில் காரை எழுதி எடுத்துப் போக ஆட்கள் வருவார்கள். தாளைக் கேட்பார்கள், முற்றத்தில் வந்து காரைப் பார்ப்பார்கள். தாளிலும் நீலம், முற்றத்திலும் நீலம். என்னை யாரும் ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள். உன் கையெழுத்து எதற்கும் தேவைப்படாது.

எனெய்தா அக்காவுக்கு என் அன்பைச் சொல்.

ஆர்ஹேலியோ